சிஓபிடி உள்ள அப்பாவுக்கு வீட்டிலேயே தசைப் பயிற்சி கொடுக்கலாமா?

தேரடிக்காரன் (திருவொற்றியூர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. ஹார்பரில் மூட்டை தூக்கியவர். இளவயதிலிருந்தே பீடி. இப்போது பீடி போய் பம்பு (இன்ஹேலர்) வந்திருக்கிறது. ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, காலையும் இரவும் இழுக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். போன முறை காட்டப் போனபோது டாக்டர், "மருந்து மட்டும் போதாது, கை கால் தசைக்கும் வேலை கொடுங்க" என்றார். என்ன வேலை, எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கினால் எண்ணூர் ஹைரோடு. கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் வாக்கிங் போகச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. குளித்துவிட்டு வந்தாலே அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. "மூச்சே வரல, இதுல எக்சர்சைஸா?" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான்.

மூச்சு வாங்குகிறவர் எடை தூக்கினால் ஆபத்தில்லையா? வீட்டில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், ஹாலில் ஒரு பாய் விரிக்கும் இடமும்தான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோமதி_மணலி

தம்பி, என் மாமியாருக்கும் இதே நோய். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். நாங்கள் அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, தண்ணீர்கூட கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். எங்கள் பக்கத்துக் காற்றில் நன்றாக இருப்பவனுக்கே நெஞ்சு அடைக்கிறது. வயதானவரை ஏன் பாடாய்ப் படுத்த வேண்டும்? சும்மா இருக்க விடுங்கள்.

---

மீனம்மா_காசிமேடு

கோமதி, வருத்தப்படாதே, உன் பாசம் புரிகிறது. என்னையும் இப்படித்தான் பாசமாக உட்கார வைத்தார்கள்.

நான் பீடியைக் கையால் தொட்டதில்லை. விறகு அடுப்பில் இட்லி அவித்து விற்றவள். அந்தப் புகைதான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தது என்றார்கள். வீசிங் ஜாஸ்தியாகி ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பிய பிறகு, பிள்ளைகள் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. மூச்சு என்னவோ கொஞ்சம் அடங்கியது. ஆனால் தொடை இரண்டும் வற்றிப்போயின. எங்கள் வீட்டில் கீழே உட்காரும் கக்கூஸ். ஒரு நாள் உட்கார்ந்தவள் எழ முடியாமல் மருமகளைக் கூப்பிட்டேன். மூச்சு முட்டியதைவிட அந்த அவமானம் பெரிது.

அப்புறம் ஆஸ்பத்திரி பிசியோ பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி சொல்லித்தந்தாள். முதலில் மூன்று தடவை எழுந்தாலே போதும் போதும் என்றிருக்கும். இப்போது என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். மூச்சு இன்னும் வாங்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முன்பு குழாயடிக்குப் போய் வந்தால் வாங்கும், இப்போது மார்க்கெட் வரை போய் வந்தால் வாங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது போதும்.

---

பழைய_வஸ்தாத் (வியாசர்பாடி)

ஹார்பர்ல மூட்டை தூக்கின உடம்புக்கு நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்றதா? தம்பி, உங்க அப்பாவுக்கு ஒரு கர்லா கட்டை வாங்கிக் கொடுங்க. தினமும் பஸ்கி, தண்டால். மூச்சை நல்லா உள்ளே இழுத்து அடக்கி, ஒரு தூக்கு. நெஞ்சு தானா விரியும். எங்க காலத்துல தெருவுக்குத் தெரு தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது, ஒருத்தனுக்கும் வீசிங் வரல.

---

பிசியோ_பெரம்பூர்

வஸ்தாத் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் உடனே தடுத்துவிடுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கவே கூடாது. அப்படிச் செய்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், சிலருக்கு மயக்கமே வரும். சிஓபிடி உள்ளவரின் நெஞ்சில் ஏற்கெனவே காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கி நிற்கிறது. அதை இன்னும் அடக்கி என்ன பயன்?

தேரடித் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பயிற்சி நுரையீரலைச் சரிசெய்யாது. ஊதும் டெஸ்டில் வரும் எண் பெரிதாக மாறாது. இதை அப்பாவிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டெஸ்டில் எண் ஏறவில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மாறப்போவது தசை. அதிலும் முக்கியமாகத் தொடையின் முன்பக்கத் தசை. சிஓபிடி உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது வலுவிழந்திருக்கிறது, நோய் லேசாக இருக்கும்போதே சிலருக்கு அப்படி ஆகிவிடுகிறது. நடமாட்டம் குறைவது ஒரு காரணம். சாப்பாடு இறங்காதது, உடம்பு முழுக்க இருக்கும் அழற்சி, வீசிங் முற்றும்போதெல்லாம் போடும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். (அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

வலுவிழந்த தசை சின்ன வேலைக்கே களைத்துப்போகும், அதில் லாக்டிக் அமிலம் சீக்கிரமே சேரும். ரத்தம் அதைச் சமன் செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகும். அதை வெளியே தள்ள வேண்டியது யார்? அதே பழுதான நுரையீரல்தான். ஆக, பாத்ரூம் வரை போய் வந்து மூச்சு வாங்குவதற்கு நெஞ்சு மட்டும் காரணமில்லை, காலும் காரணம். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தால் கால் இன்னும் வற்றும், வற்றினால் இன்னும் வாங்கும். கோமதி, உங்கள் மாமியாருக்கு நடந்துகொண்டிருப்பதும் இதுவாக இருக்கலாம்.

எடைப் பயிற்சி ஆபத்தில்லையா என்று கேட்டீர்கள். நடக்கும்போது உடம்பில் பெரிய தசைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யும். உட்கார்ந்தபடி ஒரு காலை மட்டும் நீட்டி மடக்கினால் அந்த ஒரு தொடைக்குத்தான் வேலை, மூச்சின் மேல் விழும் பாரமும் குறைவு. நடக்க முடியாதவர்களுக்கும் இது முடிகிறது என்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு, இப்போதும் வரும் நெஞ்சுவலி, கட்டுக்கு வராத பிரஷர், பெருந்தமனி வீக்கம், நுரையீரலிலிருந்து காற்று கசிந்து டியூப் போட்ட வரலாறு, இருமலில் ரத்தம், குடலிறக்கம் இவற்றில் எது இருந்தாலும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான். எலும்பு மெலிந்து பலவீனமாகியிருந்தால் முதுகை வளைத்துக் குனிந்து எடை எடுப்பது வேண்டாம்.

இனி செய்முறை. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கும் டைல்ஸ் என்றால் காலுக்கடியில் பழைய ரப்பர் மேட். இழுக்கும் அவசர மருந்து கொடுத்திருந்தால், பயிற்சிக்கு 10, 15 நிமிடம் முன்பு எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது உதவும். முதல் நாள் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று போனில் பார்த்து எழுதி வையுங்கள். 15 நொடிக்கு மேல் போனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று கணக்கு. கை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் ஊன்றியே எழட்டும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினாலும் சுலபமாகும்.

எழும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும், உட்காரும்போது மூக்கால் இழுக்க வேண்டும். எந்தப் பயிற்சிக்கும் இதே விதி: கஷ்டமான பாதியில் மூச்சு வெளியே. எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தால் ஒரு சுற்று. மூச்சு அடங்கும் வரை ஓய்வு, இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகட்டும், அவசரமே இல்லை. ஆரம்பத்தில் ஒரு சுற்று போதும், போகப் போக இரண்டு, மூன்று. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு.

காலை நீட்டி மடக்குவதற்குக் கணுக்காலில் எடை கட்ட வேண்டும். அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டுத் தைத்து நாடாவால் கட்டினால் ஆயிற்று. அடுத்தது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. கைக்குத் தண்ணீர் பாட்டில், அரை லிட்டர் என்றால் அரைக் கிலோ, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். அப்புறம் சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால். அந்த மட்டுக்கு வஸ்தாத் ஐயா பேச்சைக் கேட்கலாம்.

இப்போதைக்கு இதுவே நிறைய. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

---

பழைய_வஸ்தாத்

சரி டாக்டரம்மா, தண்டாலை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. கர்லா என்ன பாவம் பண்ணிச்சு? அதையும் சொல்லிடுங்க.

---

பிசியோ_பெரம்பூர்

ஐயா, கர்லா சுற்றக் கை தலைக்கு மேலே போக வேண்டும். தோள், கழுத்துத் தசைகள்தான் இவர்களுக்கு மூச்சு இழுக்கக் கைகொடுத்துக்கொண்டிருக்கின்றன. கையைத் தூக்கினால் அந்தத் தசைகள் அந்த வேலைக்குப் போய்விடும், மூச்சு தவிக்கும். தலை வாரும்போதும், கொடியில் துணி போடும்போதும் இவர்களுக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். அதனாலேயே தோளுக்கும் பயிற்சி தேவைதான். ஆனால் வெறுங்கையில் தொடங்கி, கொஞ்ச முறை, மூச்சோடு இசைத்துச் செய்ய வேண்டும். கட்டையெல்லாம் இப்போதைக்குச் சுவரிலேயே சாய்ந்திருக்கட்டும். தோப்புக்கரணம் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். காதைப் பிடிக்காமல், மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி வரை இறங்கி எழுந்தால் நல்ல பயிற்சி.

---

மூச்சே_மருந்து

இவ்வளவு தொல்லை எதற்கு? பிராணாயாமம் ஒன்று போதும். காலையில் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம். ஒரு ரூபாய் செலவில்லை. அலோபதிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

---

பிசியோ_பெரம்பூர்

சொல்வோம், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். மெதுவாக இழுத்து நீளமாக விடும் பயிற்சி இவர்களுக்கு நல்லது, பதற்றத்தையும் குறைக்கும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் அந்த வகை இல்லை. வேகமாக இழுத்து விட்டால் காற்று முழுதாக வெளியேற நேரம் கிடைக்காது, உள்ளே தேங்கும். கும்பகம் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். மூச்சுப் பயிற்சி எவ்வளவு செய்தாலும் தொடைத் தசை வலுவாகாது, அது வேறு வேலை. இரண்டையும் செய்யட்டும்.

---

மூச்சே_மருந்து

பல வருடமாகக் கற்றுத்தருகிறேன். என் மாணவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் இஷ்டம்.

---

கொருக்குப்பேட்டை_41

எனக்குச் சிஓபிடி இல்லை. டிபி வந்து, மருந்து முழுதாகச் சாப்பிட்டு, சளி டெஸ்ட் சுத்தமாகி வெகுநாள் ஆயிற்று. ஓட்டேரி நெஞ்சு ஆஸ்பத்திரியில் காட்டியபோது கிருமி இல்லை, ஆனால் நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது என்றார்கள். ஒரு மாடி ஏறினால் திணறல். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், சரக்கு இறக்க முடியாமல் ஆள் வைக்கிறேன், வருமானத்தில் பாதி அதற்கே போகிறது. இந்தப் பயிற்சி என் மாதிரி ஆட்களுக்கும் ஆகுமா? உடம்பும் இளைத்துக் கிடக்கிறது.

---

பிசியோ_பெரம்பூர்

தாராளமாக ஆகும். டிபி விட்டுச்சென்ற நுரையீரல் பாதிப்புக்கும் இதே மறுவாழ்வுப் பயிற்சிதான். சளியில் ரத்தம் கண்டால் மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், மறுபடி காய்ச்சல், எடைக் குறைவு வந்தாலும் அப்படியே.

ஆனால் இளைத்த உடம்பில் சாப்பாடு இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை ஏறாது. உங்கள் நிலையில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.2 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 50 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 100 கிராம் மத்தி மீனில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. வஞ்சிரம் வாங்க வேண்டும் என்று அவசியமே இல்லை. சுண்டல், வேர்க்கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். கிட்னிக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு முட்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. சாப்பிட்ட கையோடு பயிற்சி வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

---

மீனம்மா_காசிமேடு

மத்தியும் நெத்திலியும் ஏழைக்கென்றே கடல் தருவது. காலையில் ஏலம் முடிந்த பிறகு வந்து கேட்டால் விலை இன்னும் இறங்கும், ஆட்டோக்காரத் தம்பி.

---

தேரடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் மறுபடி போய் இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ பார்த்தாயிற்று, பயிற்சிக்குச் சரி என்றுவிட்டார். அப்பாவிடம் "எக்சர்சைஸ்" என்ற வார்த்தையே எடுக்கவில்லை. அஞ்சு தடவை எழுந்திருக்க எத்தனை செகண்டு ஆகுது பார்ப்போம், என்னைவிட வேகமா முடியுமா என்று பந்தயம் கட்டினேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. 21 நொடி. முடித்ததும் மூச்சு வாங்கி முகமெல்லாம் சிவந்து, அம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

என் சந்தேகம்: எவ்வளவு வாங்கினால் சரி, எவ்வளவு வாங்கினால் நிறுத்த வேண்டும்? கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடக்கிறது.

---

பிசியோ_பெரம்பூர்

பந்தயம் முதல் நாளோடு போதும். இனிமேல் நிதானம்தான்.

மூச்சுத் திணறலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அவரையே மார்க் போடச் சொல்லுங்கள். பூஜ்யம் என்றால் திணறலே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. பயிற்சியில் மூன்று, நான்கு வரை போகலாம், போகவும் வேண்டும். ஐந்தைத் தாண்டினால் ஓய்வு. மூச்சு வாங்குவதே ஆபத்து என்ற பயம்தான் இந்த நோயில் பாதிப் பேரைக் கட்டிலில் போடுகிறது. வாங்கிய மூச்சு சில நிமிடத்தில் அடங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதினால் சீக்கிரம் அடங்கும். அம்மாவுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள், அவர் பயம் குறைந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, கையை அசைக்காமல், எண் நிலைக்கும் வரை பொறுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகத்தில் மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தாலும் தவறாகக் காட்டும். தோல் கறுத்தவர்களுக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பாருங்கள். ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி ஓய்வு, ஓய்விலும் ஏறாவிட்டாலோ ஒவ்வொரு முறையும் இறங்கினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, பத்து நிமிடம் ஓய்ந்தும் மூச்சு அடங்காதது இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

---

கோமதி_மணலி

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மாமியார் ஆக்சிஜனில் இருக்கிறார். குழாயைக் கழற்றிவிட்டுப் பயிற்சியா, மாட்டிக்கொண்டேவா?

---

பிசியோ_பெரம்பூர்

மாட்டிக்கொண்டேதான். டாக்டர் சொன்ன அளவில் ஓடட்டும். நடமாடும்போது அளவு வேறு என்று எழுதியிருந்தால் அதன்படி. மெஷினின் குமிழை நீங்களாகத் திருகிக் கூட்டாதீர்கள், சிலருக்கு அதனால் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரும். குழாய் காலில் சிக்காமல் பின்பக்கமாக விடுங்கள். சாமி விளக்கும் ஊதுபத்தியும் கேஸ் அடுப்பும் பக்கத்தில் கூடவே கூடாது, மூன்று மீட்டராவது தள்ளி.

உங்கள் வீட்டில் முதல் பயிற்சியை நேரில் ஒருவர் பார்த்துத் தொடங்குவதுதான் சரி. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொடுப்பது மட்டுமல்ல, தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை மருத்துவரை அனுப்புவதும் உண்டு. இதற்கிடையில் தண்ணீர் டம்ளரை அவரே எழுந்து போய் எடுக்கட்டும்.

---

மீனம்மா_காசிமேடு

இதை எழுதலாமா என்று யோசித்து யோசித்து, எழுதிவிடுகிறேன். பொம்பளைங்க இந்தப் பயிற்சியை நடுவில் விடுவதற்குச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. இருமி இருமி அடிவயிறு தளர்ந்துவிடும், எழும்போது, இருமும்போது சிறுநீர் கசியும். மகன் எதிரில், பேரன் எதிரில் எப்படிச் செய்வது? "இன்னைக்கு முடியல" என்று சொல்லிவிடுவோம். கோமதி, மாமியாரிடம் தனியாகக் கேட்டுப் பார்.

---

பிசியோ_பெரம்பூர்

அக்கா, இதை எழுதியதற்குக் கும்பிடு. நாங்களே கேட்க மறந்துவிடும் விஷயம். எழுவதற்கு ஒரு நொடி முன்பு, சிறுநீரை அடக்கும் தசையைச் சுருக்கி வைத்துக்கொண்டு, ஊதியபடி எழ வேண்டும். இருமல் வரும்போதும் அப்படியே. அந்தத் தசைக்கென்று தனிப் பயிற்சி உண்டு, எந்தப் பிசியோவிடம் கேட்டாலும் சொல்லித்தருவார்கள். புரோஸ்டேட் ஆபரேஷன் செய்த ஆண்களுக்கும் இதே பிரச்சினை வருவதுண்டு, அவர்களும் வாய் திறப்பதில்லை.

---

கொருக்குப்பேட்டை_41

ஒரு கேள்வி. வீட்டில் செய்வதெல்லாம் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துச் செய்வதற்கு ஈடாகுமா? ஓட்டம் விட்டால் அன்றைய காசு போச்சு, அதனால்தான் கேட்கிறேன்.

---

பிசியோ_பெரம்பூர்

ஆஸ்திரேலியாவில் இதையே சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சிஓபிடி உள்ள 166 பேர். ஒரு பாதி எட்டு வாரம் மருத்துவமனைக்கு வந்து செய்தார்கள். மறுபாதி வீட்டில், பிசியோ ஒரே ஒருமுறை நேரில் வந்தார், மற்றபடி வாரம் ஒரு போன். எட்டு வாரம் முடிவில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் சோதனையில் வீட்டுக் குழு பின்தங்கவில்லை. கையில் கிடைத்ததை வைத்துத்தான் எடைப் பயிற்சியும் செய்தார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் கிடைத்த பலன் பெரும்பாலும் கரைந்திருந்தது. அங்கேயும் எட்டு வாரத்தோடு விட்டுவிட்டார்கள் போல, நம் ஊர் மாதிரிதான்.

---

பழைய_வஸ்தாத்

அதுக்குத்தான் தனியா பண்ணக் கூடாதுங்கறது. கூடத்துல பத்து பேர் இருந்தா வராதவனைத் தேடிப் போய் இழுத்து வருவோம். வீட்டுல யார் இழுப்பா? தேரடித் தம்பி, அப்பாகூட நீயும் போடு. இன்னொண்ணு, எடையை எப்பக் கூட்டணும்னு யாரும் சொல்லல. பன்னிரண்டு எடுத்த பிறகும் இன்னும் ரெண்டு எடுக்கலாம்னு தெம்பு மிச்சம் இருந்தா, அடுத்தடுத்த ரெண்டு தடவை அப்படி இருந்தா, கூட்டு. அரைக் கிலோவுக்கு மேல கால் கிலோ. அதுவரைக்கும் ஆசைப்படாதே. எங்க வாத்தியார் சொன்னது.

---

பிசியோ_பெரம்பூர்

ஐயா, உங்கள் வாத்தியார் சொன்னதைத்தான் எங்கள் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள்.

---

தேரடிக்காரன்

சில வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஐந்து முறை எழுந்து உட்கார 21 நொடி எடுத்தவர் இப்போது 16க்கு வந்திருக்கிறார். பம்பு அளவு அப்படியேதான் இருக்கிறது, இருமலும் இருக்கிறது. குளித்துவிட்டு வந்து உடனே சட்டை போட்டுக்கொள்கிறார், முன்பெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டுதான் போடுவார். நடுவில் சளி மஞ்சளாகி வீசிங் அதிகமானது. ஆன்டிபயாடிக் ஓடியபோது பயிற்சியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் மட்டும் நடக்க வைத்து, அப்புறம் எடை இல்லாமல் மறுபடி தொடங்கினோம். அம்மாவும் மூட்டு வலிக்காகக் கூடவே உட்கார்ந்து எழுகிறார், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

இரண்டு கேள்வி. போகி வருகிறது, அன்றைக்கு என்ன செய்வது? அப்புறம், எலாஸ்டிக் பேண்ட் வாங்கச் சொல்கிறார்கள், விலை பார்த்தேன். சைக்கிள் டியூப் ஆகாதா?

---

பிசியோ_பெரம்பூர்

16 நன்றாக இருக்கிறது. சளி மாறியபோது நிறுத்திவிட்டுக் குறைத்துத் தொடங்கியதும் சரியான முறை.

போகி அன்று விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு, புகை அடங்கிய பிறகு சாயங்காலம் செய்யட்டும். அப்போதும் நெஞ்சு கனத்தால் மறுநாளுக்குத் தள்ளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் அளவு தெரியும், மற்ற நாளிலும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் கொசுவத்திச் சுருள் எரிகிறதா? அதையும் நிறுத்துங்கள், வலை கட்டுங்கள்.

டியூப் ஆகும். வெடிப்பு இல்லாத டியூபா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள், முகத்துக்கு நேராக இழுக்க வேண்டாம். ஜன்னல் கம்பியில் சுற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்கட்டும், இழுக்கும்போது ஊதல். கதவுக் கைப்பிடியில் மட்டும் கட்டாதீர்கள், யாராவது கதவைத் திறப்பார்கள்.

---

பழைய_வஸ்தாத்

டியூப் காசு கொடுத்து வாங்காதே தம்பி. வியாசர்பாடி வந்தா நம்ம சைக்கிள் கடையில பழசு சும்மாவே தருவாங்க. என் பேரைச் சொல்லு.